கிளென் கூல்டின் இரண்டு கோல்ட்பர்க்குகள்: 38 நிமிடமா, 51 நிமிடமா?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை (ஆரியா என்ற மெட்டு, அதன் முப்பது மாறுபட்ட வடிவங்களான வேரியேஷன்கள், முடிவில் மீண்டும் அந்த ஆரியா) கனடிய பியானோ கலைஞர் கிளென் கூல்ட் ஸ்டுடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார். முதல் முறை 1955 ஜூனில், அப்போது அவருக்கு 22 வயது. அடுத்தது 1981இல், 48 வயதில். இரண்டுக்கும் இடம் நியூயார்க் 30ஆம் தெருவில் இருந்த அதே கொலம்பியா ஸ்டுடியோதான். முதலாவது 38 நிமிடச் சொச்சம், இரண்டாவது 51 நிமிடம். எதைக் கேட்பது என்று கேட்டால், இளைஞர் வேகமாக வாசித்தார், முதிர்ந்தவர் நிதானமாக வாசித்தார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தொடக்க ஆரியாவை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். 1955இல் அது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், 1981இல் மூன்று நிமிடத்தைத் தாண்டும். சரி, 25ஆவது வேரியேஷனுக்கு வாருங்கள். தொகுப்பிலேயே மிக ஆழ்ந்த சோகம் கொண்ட பகுதி அது. 1955இல் ஏறக்குறைய ஆறரை நிமிடம். 1981இல் ஆறே நிமிடம்தான்! பழைய வாசிப்பு ஷோபனின் நாக்டர்ன் (உருகிக் குழையும் பியானோ இசை) போல ஒலிக்கிறது என்று கூல்டே பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குழைவு எனக்குப் பிடிக்கும். ஆனால் புதியதில் துக்கம் நெளியாமல், நிமிர்ந்து நடக்கிறது. எனக்கு அதுதான் மனதில் தங்குகிறது.

இன்னொன்று, கூடுதலான அந்த 13 நிமிடம் முழுக்க நிதானத்தால் மட்டும் வந்ததல்ல. திரும்ப வாசிக்கும்படி பாக் குறித்த பாதிகள் எதையும் 1955இல் அவர் திரும்ப வாசிக்கவில்லை. 1981இல் சில வேரியேஷன்களின் முதல் பாதியை இரண்டு முறை வாசிக்கிறார்.

உண்மையான வித்தியாசம், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் இருக்கிறது. 1955இல் ஒவ்வொரு வேரியேஷனும் தனித்தனியாகப் பாய்ந்து வருகிறது. ஆரியா அடங்கியதும் முதலாவது வெடித்துக் கிளம்புவதைக் கேட்டால் இன்றும் சிலிர்க்கிறது. 1981இல் ஒரே நாடித்துடிப்பு அடியில் ஓடுகிறது. ஒன்றின் காலப்பிரமாணம் அடுத்ததோடு இரட்டிப்பு, பாதி போன்ற எளிய விகிதங்களில் அமைய, முப்பதும் ஒரே கட்டடமாக எழுகின்றன.

ஒலித்தரத்தில் போட்டியே இல்லை. முன்னது மோனோ (ஒற்றைத் தடப் பதிவு), ஸ்டெயின்வே பியானோ. பின்னது டிஜிட்டல், யமஹா பியானோ. கூல்ட் கூடவே முனகுவது இரண்டிலும் கேட்கும். அது தொந்தரவாக இருந்தால் பியானோ கலைஞர் முர்ரே பெரஹியாவின் 2000ஆம் ஆண்டுப் பதிவு இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப வாசித்து 70 நிமிடத்துக்கு மேல் போகும், மிக அழகானது.

கூல்டில் ஒன்றுதான் என்றால் நான் 1981ஐ எடுப்பேன். 29ஆவதில் தொடங்கி நிறுத்தாமல் கடைசிவரை கேளுங்கள். 30ஆவது அடங்கி, அந்த ஆரியா திரும்பி வரும்போது முதலில் கேட்டதைவிட இன்னும் மெதுவாக வருகிறது. பதிவு வெளியான சில வாரங்களில், 1982 அக்டோபர் 4 அன்று, கூல்ட் இறந்துபோனார்.