தங்கச்சிமடத்தில் ஒரு எஸ்பிரெசோ கிரைண்டர்

நான் வைத்திருக்கும் எஸ்பிரெசோ கிரைண்டர், அதாவது அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபிக்குக் கொட்டை அரைக்கும் மெஷின், விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தொண்டியிலிருந்து நண்பர் கேட்கிறார். கூம்பு வடிவப் பர் (காபிக் கொட்டையை அரைக்கும் பல்சக்கரம்), வளையத்தைத் திருகி அரைவையை மாற்றும் வகை. மற்ற விவரங்கள் அவருக்கே தெரியும்.

அரைவையில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் தேன் ஒழுகுவது போல இறங்குகிறது. ராமேஸ்வரம் தீவிலிருக்கும் எங்கள் ஊரின் கடலோர ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு: வறண்ட ஊர்களில் நிலைமின்சாரம் பிடித்துப் பொடி மேடையெங்கும் பறக்கும், அதற்காகக் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

என் கோபமெல்லாம் பொடி வெளியேறும் அந்தக் குறுகிய வாய் மீதுதான். ஈரம் பட்ட பொடி அங்கே அடையாக அப்பிக்கொள்கிறது. அம்மாவின் பில்டர் காபிக்கு வளையத்தைத் தளர்த்தி அரைத்துவிட்டு எஸ்பிரெசோவுக்கு இறுக்கினால், முதலில் விழுவது பழைய கொரகொரப்புப் பொடி. தண்ணீர் கடகடவென்று ஓடி, காபி புளிக்கும். அதை நம்பி இன்னும் இறுக்கினால் அடுத்த குவளை அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கசக்கும். ஒவ்வொரு முறை வளையத்தைத் தொட்டதும் நாலைந்து கிராம் அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் ருசி பார்க்க வேண்டும். நல்ல கொட்டை விற்கும் விலைக்கு வயிறு எரிகிறது.

இறுக்குவதானால் மோட்டார் ஓடும்போதே இறுக்குங்கள். நின்றிருக்கும்போது திருகினால் பற்களுக்கிடையே சிக்கிய கொட்டை முட்டும். பொடியின் எடையை மாற்றாமல் அரைவையை மட்டும் மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். வளையத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கோடும் பொய்யாகிவிடுகிறது.

சென்ற மாதம் வளையமே அசையவில்லை. ராமநாதபுரத்தில் மெக்கானிக் மேல் பர்ரைக் கழற்றிக் காட்டினார்: மரை முழுக்கச் செங்கல் நிறத் துரு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று இதை விட்டுவைக்குமா? துருவுக்கு உத்தரவாதம் கிடையாதென்று கம்பெனி கைவிரித்தது. கடற்கரை ஊர்களுக்கும் சேர்த்து விற்பவர்கள், துருப்பிடிக்காத மரை வைக்க வேண்டாமா? இப்போது வாரம் ஒருமுறை கழற்றி, தண்ணீர் படாமல் பிரஷ்ஷால் துடைத்து, கொட்டையை டப்பாவில் அடைத்து வைக்கிறேன்.

மதுரைக்காரர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். தொண்டியும் கடலோரம்தான், எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம். என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.