மாடுலைக் கெடுத்துவிட்டு இடியின் மேல் பழிபோடும் ஏஜென்சிகள்: எல்லையோர இணைய இணைப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் சிறிய அளவில் இணைய இணைப்புக் கொடுத்துப் பிழைப்பவர்களும், பள்ளி கல்லூரிகளின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர்களும், ரவுட்டரில் புது மாடுல் (உள்ளே செருகும் கூடுதல் அட்டை) போட வெளியாளைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பொருளை விற்றுப் பொருத்தியும் தரும் ஓர் ஏஜென்சி, என் கண் முன்னாலேயே ஒரு ஃபைபர் மாடுலைக் கெடுத்துவிட்டு, அன்று மாலை மழை பெய்ததைச் சாக்காக வைத்து "இடி இறங்கிவிட்டது, வாரண்டி கிடையாது" என்று கைவிரித்துவிட்டது. இரண்டாவது மாடுலுக்கும் முழு விலை கேட்கிறது. ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. செய்முறை தெரிந்தால் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஏஜென்சி கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவுக்கு அப்பாலிருந்து வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டைப் பகுதி எங்களுடையது. மருத்துவத்துக்கும் மரத்துக்கும் மலைக்கு இருபுறமும் போய்வருவது எங்களுக்குப் பழக்கம்.

ஐப்பசி மாதம், வெயில் அடித்துக்கொண்டிருந்த காலை நேரம். வந்த பையனிடம் ஆன்டி-ஸ்டாட்டிக் ஸ்ட்ராப் (உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும் பட்டை) இல்லை. கையில் செப்பு வளையம், கழுத்தில் குனிந்தால் ரேக்குக்குள் தொங்கும் செயின். ரவுட்டரை நிறுத்திவிட்டுப் போடலாமே என்றேன். "எதுக்கு அண்ணாச்சி, இதெல்லாம் ஓடும்போதே போட்டுரலாம்" என்றான். ஓடும்போதே செருகலாம் என்பது எல்லா மாடுலுக்கும் பொருந்தாது. எஸ்.எஃப்.பி. எனப்படும் சிறிய ஃபைபர் செருகிகளை அப்படி மாற்றலாம். ஆனால் உள்ளே முழு அட்டையாகப் போகும் மாடுல்களில் சிலவற்றை மட்டுமே, ஓடும்போது செருகவோ கழற்றவோ முடியும்; கழற்றும் முன் பெரும்பாலும் கட்டளை கொடுத்து ஸ்லாட்டை (அட்டை செருகும் இடத்தை) நிறுத்தவும் வேண்டும். எந்த வகை என்பது அந்தந்த மாடுலின் கையேட்டில் இருக்கும். எங்கள் மாடுலின் கையேடு மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை போனில் திறந்து காட்டியும் பயனில்லை; நான் முதலாளியை அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் வேலையைத் தொடங்கிவிட்டான்.

உறையிலிருந்து எடுத்த அட்டையை அவன் எங்கே வைத்தான் தெரியுமா? பெட்டியோடு வந்த தெர்மாகோல் துண்டின் மேல். நிலைமின்னூட்டம் சேர அதைவிடத் தோதான இடம் அந்த அறையில் இல்லை. மழைக்காலத்தில் நிலைமின்சாரம் ஏது என்று சிலர் கேட்பார்கள், ஏ.சி. ஓடும் சர்வர் அறையில் காற்று வறண்டுதான் கிடக்கும். நம் விரலில் சுருக்கென்று உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் சேர வேண்டும். அதில் மிகச் சிறு பங்கே பட்டாலும் கெட்டுப்போகும் சிப்புகள் உண்டு என்பதால், நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, இப்படி அடிபட்ட சிப்பு அப்போதே சாகாமல் சிலகாலம் ஓடிவிட்டு நிற்பதும் உண்டு. பழியை வேறெதன் மேலாவது போட அதுவே வசதியாகிவிடுகிறது. மணிக்கட்டில் கட்டும் ஸ்ட்ராப்பில், கட்டியிருப்பவரின் பாதுகாப்புக்காக, 1 மெகா ஓம் மின்தடை இருக்கும். அதன் மறுமுனையை, எர்த் செய்யப்பட்ட சேஸிஸில் (ரவுட்டரின் உலோகக் கூட்டில்) பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். பெயின்ட் மேல் மாட்டினால் மாட்டாததற்குச் சமம்.

அட்டை பாதி தூரம் போய் நின்றது. அப்படி நின்றால் வெளியே இழுத்து, இருபக்கத் தடத்திலும் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே பின் (ஊசி போன்ற இணைப்பு முனை) ஏதும் சாய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் முறை. அவன் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் முகப்பில் ஒரு தட்டுத் தட்டினான். நறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. ரவுட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. வாடிக்கையாளர்களின் போன்கள் வரத் தொடங்கின. மாடுலில் பச்சை விளக்கு எரிந்ததும் "செட் ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டு, ஃபைபர் முனையைக் கண்ணருகே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கப் போனவனை நான்தான் தடுத்தேன். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும். பக்கத்து ஸ்லாட்டின் மூடித் தகட்டைக் கழற்றியவன் திரும்ப மாட்டவும் இல்லை. அந்தத் தகடு அழகுக்கு வைத்ததன்று. அது இல்லையென்றால் விசிறிக் காற்று மாடுல்களின் மேல் போகாமல் அந்த ஓட்டை வழியே வீணாகி, பெட்டி சூடேறும்.

அன்று மாலை, மலைப்பக்கம் துலாவர்ஷம் என்று சொல்லும் இடிமழை வந்தது. அதன் நடுவே மாடுலின் போர்ட்டுகள் நின்றன. மறுநாள் வந்தவர்கள் திறந்துகூடப் பார்க்காமல் "இடி" என்றார்கள். ஏன் அந்தச் சொல்லில் அவ்வளவு பிடிவாதம் என்பது வாரண்டி அட்டையைப் படித்தபோதுதான் புரிந்தது: மின்னல் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று அதில் இருக்கிறது.

இடி என்றால் அது வந்த வழி ஒன்று இருக்க வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கேபிளில் இரும்புக் கவசம் இருந்தால் அதன் வழியாக வரலாம், எங்கள் கேபிளில் உலோகமே கிடையாது. மின்கம்பி வழியாக வந்திருந்தால் யூ.பி.எஸ்., ஓ.எல்.டி. (வாடிக்கையாளர்களின் ஃபைபர்கள் வந்து சேரும் கருவி), சுவிட்ச் என்று வேறெதாவது பழுதாகியிருக்க வேண்டும்; எல்லாம் நலம். சர்ஜ் தடுப்பானின் விளக்கும் பச்சையாகவே இருந்தது. இவை எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி பதிவேடு. ரவுட்டரின் நினைவகத்திலுள்ள பதிவு மறுதொடக்கத்தில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அதைத் தனியாக ஒரு கணினிக்கு அனுப்பி, என்.டி.பி. (இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) மூலம் நேரத்தையும் சரியாக வைத்திருந்தேன். காலையில் மாடுலைச் செருகிய நிமிடத்திலிருந்தே பிழைச் செய்திகள் வரிசையாக அதில் இருந்தன. பிறகு வேறொருவரை வைத்து, முறையாக நிறுத்திக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்லாட்டின் உள்ளே அடுத்தடுத்த இரண்டு பின்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இடி பின்னை வளைக்காது.

முறையாக நிறுத்துவது என்றேன், அதில் ஒரு விஷயம்: இரட்டை பவர் சப்ளை உள்ள ரவுட்டரில் ஒரு பவர் வயரைப் பிடுங்கினால் போதாது, சுவர் சுவிட்சை அணைத்தாலும் யூ.பி.எஸ். ஊட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பவர் வயரும் ரவுட்டரிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். எர்த் கம்பியை மட்டும் கழற்றக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, அவர்கள் கொடுத்தது "எஸ்டிமேட்" என்று எழுதிய வெள்ளைத் தாள். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். கேரளத்தில் பதிவான நிறுவனத்தின் எண் 32 என்று தொடங்கும், நம்முடையது 33. அங்கிருந்து இங்கே பதிவு பெற்றவருக்குத் தரும் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஜி.எஸ்.டி.) இருக்கும். பில்லில் மாடுலின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். என்னிடம் பில் இல்லாவிட்டாலும், வங்கி வழி செலுத்திய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஏஜென்சி எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்துவிட்டேன்.

"பரிசோதிக்க வேண்டும், மாடுலைக் கொடுத்தனுப்புங்கள்" என்று ஏஜென்சியிலிருந்து இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். சீரியல் எண்ணைப் படமெடுத்து, நிலைமின்சாரத்தைத் தடுக்கும் கேடயப் பையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். எழுத்தில் ஒப்புகை தராமல் அது என் அறையைவிட்டுப் போகாது.