பெரம்பூர் ஆலிவ் ஆயில் ஹெர்ப் சாஸ்: ஒரு ஸ்பூனில் என்ன இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாஸ் நன்றாக இருக்கிறது, எங்கள் வீட்டில் தொடர்ந்து வாங்குகிறோம். ஆனால் ஆலிவ் ஆயில்தானே, உடம்புக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டு முன்னறையையே கடையாக்கி ஒரு பெண்மணி இதைச் செய்து விற்கிறார். 180 கிராம் பாட்டில், விலை 320 ரூபாய். நான் மணலியில் ஒரு ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தப் பாட்டில் கைக்கு வந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. வீட்டில் மனைவிக்கு ரத்த அழுத்தம், எனக்கு கொலஸ்ட்ரால். அதனால் லேபிளைப் படிக்காமல் எங்கள் சமையலறைக்குள் எதுவும் வருவதில்லை.

இவருடைய லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்புத் துறை தரும் எண்) இருக்கிறது, தயாரித்த தேதி இருக்கிறது. சேர்மானம்: எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 52 சதவீதம், அப்புறம் மல்லித்தழை, பார்ஸ்லி, பூண்டு, வினிகர், உப்பு, ஆரிகனோ, காய்ந்த மிளகாய்ச் செதில். இந்த வரிசையைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு லேபிள் விதி. சூப்பர் மார்க்கெட்டில் இதே மாதிரி ஒரு சாஸ் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க ஆலிவ் கிளையும் காயும்தான். திருப்பினால் முதலில் தண்ணீர், அடுத்து சோயா எண்ணெய், சர்க்கரை. ஆலிவ் எண்ணெய் 2 சதவீதம். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

சரி, சத்துக்கு வருவோம். பெரம்பூர் பாட்டிலில் 100 கிராமுக்கு 495 கலோரி, மொத்தக் கொழுப்பு 53 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 7.5 கிராம், சோடியம் 780 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. சர்க்கரை சேர்க்கவில்லை. 100 கிராம் சாஸை யாரும் ஒரு வேளைக்குச் சாப்பிடப் போவதில்லை, அதனால் சமையலறைத் தராசில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து நிறுத்தேன். சுமார் 15 கிராம். அப்படியென்றால் ஒரு கரண்டிக்கு 74 கலோரி, 8 கிராம் கொழுப்பு, 117 மில்லிகிராம் சோடியம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். ஆலிவ் எண்ணெய்க்கு இதில் சலுகை கிடையாது. நல்லெண்ணெய்க்கும் அதே கணக்குத்தான். வித்தியாசம் கொழுப்பின் வகையில் இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் சுமார் 73 சதவீதம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, அதாவது நிறைவுறாத கொழுப்பில் ஒரு வகை. நல்லெண்ணெயில் அது 40 சதவீதம் அளவில். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலும் ஏறக்குறைய 14 சதவீதம்தான். ஆகவே நல்லெண்ணெய் ஊற்றி இட்லிப் பொடி தொட்டுக்கொள்கிறவர் அதை விட்டுவிட்டு இந்த சாஸுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் இருந்த இடத்தில் இது வந்தால் பலன் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு குறைந்து அந்த இடத்துக்கு நிறைவுறாத கொழுப்பு வரும்போதுதான் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும். எப்போதும் சாப்பிடுவதற்கு மேலே இதையும் ஊற்றிக்கொண்டால் கலோரிதான் ஏறும்.

கடையில் நின்ற ஒருவர், "ஸ்பெயின்ல ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்காங்க சார், ஹார்ட்டுக்கு நல்லது" என்றார். அவர் சொல்வது உண்மையான ஆய்வுதான். பிரெடிமெட் என்று பெயர். இதய நோய் வரும் அபாயம் அதிகமுள்ள சுமார் 7,400 பேரை வைத்துச் செய்தார்கள். 2013ல் வெளிவந்தது. ஆட்களைக் குழு பிரித்த முறையில் சில குறைகள் தெரியவந்ததால் அதைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு 2018ல் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அந்த மக்கள் காய்கறி, பழம், பருப்பு, மீன் என்று சாப்பாட்டு முறையையே அப்படி வைத்துக்கொண்டு, அதோடு ஆலிவ் எண்ணெயையும் சேர்த்தார்கள். பரோட்டா மேல் ஒரு கரண்டி சாஸ் விட்டுக்கொண்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

எண்ணெயின் தரம் பற்றி எனக்குத் திருப்தி. தனியாக எண்ணெயை மட்டும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். விழுங்கியதும் தொண்டையில் லேசாகக் காரம் பிடித்தது. நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயில் ஒலியோகாந்தல் என்ற பொருள் இருக்கிறது, அந்தக் காரம் அதனால் வருவது. பழசாகிக் காறல் அடிக்கும் எண்ணெயின் வாசனை வேறு, அது இதில் இல்லவே இல்லை.

தழைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கரண்டி சாஸில் தழை நான்கைந்து கிராம் இருந்தால் அதிகம். அதை வைத்து 'கீரைச் சத்து' என்றெல்லாம் பேசக் கூடாது. ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியல் தருவது எங்கே, இது எங்கே! ஆனால் வைட்டமின் கே மட்டும் பார்ஸ்லியில் மிக அதிகம், 100 கிராமுக்கு 1,600 மைக்ரோகிராமுக்கு மேல். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தினமும் சேர்க்க நினைத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அந்த மாத்திரையின் வேலையை வைட்டமின் கே குறைக்கும். இதை லேபிளிலும் ஒரு வரி போட்டால் நல்லது.

உப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது 5 கிராம் உப்பு. மூன்று கரண்டி சாஸிலேயே 350 போய்விடும். ஊறுகாயோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. ஆனாலும் வினிகர் புளிப்பும் பூண்டு காரமும் இருக்கும்போது இவ்வளவு உப்பு தேவையில்லை.

நான் மிகவும் மதித்தது ஒன்று உண்டு. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு மூடி வெளியே வைப்பது ஆபத்து. மண்ணிலிருந்து பூண்டோடு வரும், கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமிக்குக் காற்றில்லாத இடம் பிடிக்கும், அதிலும் நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். "எப்படிம்மா செய்றீங்க?" என்று கேட்டேன். "வினிகர்ல ஊற வச்சு, புளிப்பு அளவு பார்த்துட்டுதான் அண்ணா எண்ணெய் ஊத்துறேன்" என்று பிஎச் அளக்கும் காகிதத்தை எடுத்துக் காட்டினார். பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று அர்த்தம். அது 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. அவர் 4க்குக் கீழே வைக்கிறார். அப்படியும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்தால் பயப்படாதீர்கள், சற்று வெளியே வைத்தால் பழையபடி ஆகிவிடும். எடுக்கும் முன் அடியிலிருந்து கலக்குங்கள். மேலாக அள்ளினால் எண்ணெய் மட்டும்தான் வரும், நான் மேலே போட்ட கணக்கெல்லாம் தவறிவிடும்.

எங்கள் வீட்டில் காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்தால் மஞ்சளும் மிளகும் தடவித் தவாவில் சொட்டு எண்ணெயில் சுட்டு, தட்டில் வைத்த பிறகு மேலே ஒரு கரண்டி விடுகிறோம். மீனை இந்த சாஸிலேயே வறுக்க வேண்டாம், பூண்டு கருகிக் கசக்கும். கேரட், வெள்ளரி, வேகவைத்த கொண்டைக்கடலை இவற்றோடு கலந்தாலும் அருமை. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு தேவை, அந்த வகையிலும் பொருத்தம்.

பாட்டிலில் எனக்கு இருக்கும் ஒரே புகார் அதன் அகன்ற வாய். சாய்த்தால் மூன்று கரண்டி கொட்டுகிறது. இதையும் உப்பையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த முறை குறுகிய வாயுள்ள 100 கிராம் பாட்டிலும், உப்பு குறைத்த ஒரு வகையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கரண்டியில் எடுத்தே ஊற்றுங்கள்.