கவுன்சலிங்கிற்கு எங்கே போவது? உதவி எண், அரசு மருத்துவமனை, தனியார் ஆலோசகர்: ஓர் ஒப்பீடு

மனச்சுமை தாங்காமல் உதவி தேடும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் இன்று முதன்மையாக மூன்று வழிகள் இருக்கின்றன: தொலைபேசி உதவி எண், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, கட்டணம் வாங்கும் தனியார் ஆலோசகர். இவற்றுள் எது உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, நம் பேச்சை அடுத்த வாரமும் அதே ஆள் விட்ட இடத்திலிருந்து கேட்கவேண்டிய தேவை நமக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. கட்டணக் கணக்கைக்கூட அதன் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. சென்னையில் 1986 முதல் செயல்படும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அறிவுரை சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். நள்ளிரவில், வீட்டார் உறங்கும்போது, ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா’ என்ற தயக்கத்தோடு இருப்பவருக்கு உதவி எண்ணைவிட எளிய வழி கிடையாது. ஆனால் மறுமுறை அழைக்கும்போது அதே குரல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கதையை மீண்டும் முதலிலிருந்து சொல்லவேண்டி வரலாம்.

அரசு மருத்துவமனையின் பலம் வேறு. தூக்கமின்மை, பசியின்மை, எடை குறைதல், காரணமில்லாத படபடப்பு என்று உடலும் சேர்ந்து துவளும்போது முதலில் பார்க்கவேண்டியவர் மனநல மருத்துவர்தான். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டக்கூடும் என்பதால், பரிசோதனை செய்து பார்க்காமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது வீண். மருந்து எழுதும் உரிமையும் மருத்துவருக்கே உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பதையும், அவற்றை நாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் அங்கே கேட்டுத் தெளிவு பெறலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவமும் மாத்திரையும் இலவசம். குறை என்னவென்றால் நேரம். ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்று உள்ளே போனால், அடுத்த நோயாளி வாசலைத் தாண்டி மேசை அருகிலேயே வந்து நின்றுவிடுவார். மாமியாரோடு உள்ள மனத்தாங்கலை அந்தச் சில நிமிடங்களில் யாரும் விரித்துச் சொல்ல முடியாது. (கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கும் நம் வழக்கமும் பலரை அந்த வாசலுக்கு வரவிடாமல் தடுக்கிறது.)

உறவுச் சிக்கல், அடங்காத கோபம், தன்னம்பிக்கைக் குறைவு, தன்னைத் தானே புரிந்துகொள்ளும் விருப்பம் போன்றவற்றுக்குத் தனியார் ஆலோசகர் தரும் முக்கால் மணி நேரமும் வாராவாரத் தொடர்ச்சியும்தான் பொருத்தம். அங்கே நடப்பது வெறும் ஆறுதல் பேச்சன்று. எடுத்துக்காட்டாக, எண்ணப் போக்கையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்ற உதவும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை அளிப்பவர் ஒரு தாளைக் கொடுத்து எழுதிவரச் சொல்வார். ‘பிறகு பேசலாம்’ என்று மேலாளர் அனுப்பிய குறுஞ்செய்தி முதல் கட்டத்தில். ‘வேலை போகப்போகிறது’ என்று அப்போது எழுந்த எண்ணம் இரண்டாவதில். அந்த எண்ணத்துக்குச் சாதகமான சான்றுகளும் எதிரான சான்றுகளும் அடுத்தடுத்த கட்டங்களில். சில வாரத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மனம் ஒரே தடத்தில் ஓடுவது எழுதியவருக்கே தெரிந்துவிடும். உதவி எண்ணிலும் ஓ.பி.யிலும் இந்த வேலைக்கு இடமில்லை.

எனினும் எச்சரிக்கை மிகுதியாகத் தேவைப்படுவதும் இங்கேதான். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. மருத்துவ உளவியலாளர் (மருந்து எழுதாமல் உளவியல் சிகிச்சை தருபவர்) என்றால், மத்திய அரசின் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் தொலைபேசி உரையாடலிலேயே படிப்பு, கட்டணம், எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம் என்பவற்றைக் கேட்டுவிடலாம். நகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், வழக்கமான பாலிசிகள் பெரும்பாலும் உள்நோயாளிச் செலவையே ஏற்பதால், இந்தத் தொகை நம் கையிலிருந்துதான் போகும்.

குடும்பப் பெரியவர்களிடம் சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம், ஆனால் சித்தியிடம் காலையில் சொன்னது மாலைக்குள் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும். ஆலோசகரோ உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

என் பரிந்துரை இதுதான். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர் 14416ஐ அழைக்கட்டும். உடல் அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரை விடும் எண்ணம் எழுந்தால் நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். வாழ்க்கைப் போக்கை மாற்ற விரும்புபவர் ஆலோசகரிடம் செலவழிக்கலாம். மாத்திரை எடுத்துக்கொள்பவரும் கூடவே அங்கே போகலாம். நான்கைந்து அமர்வுகள் கடந்தும் பேச்சு ஒட்டவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லி வேறொருவரைப் பரிந்துரைக்கக் கேட்கலாம். நல்ல ஆலோசகர் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.