வில்வித்தைப் போட்டியும் முக்திநாத் தரிசனமும் ஒரே பயணத்தில்: காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கத்துப் பெற்றோர் கவனத்துக்கு. "நேபாளத்தில் உயர்மலை சர்வதேச வில்வித்தைப் போட்டி, பதக்கம், சான்றிதழ், முக்திநாத் தரிசனம்" என்று வட்ஸ்அப்பில் சுற்றிய நோட்டீஸை நம்பிப் போன பிள்ளைகள் வந்து சேர்ந்திட்டினம். எல்லாரும் சுகமாக வந்ததே பெரிய காரியம். கட்டின காசுக்கு அங்கே போட்டி என்று சொல்லத்தக்க ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குத் திரும்பி வர ரிக்கெற்றே இல்லாமல், வீட்டுக்காரர் நகை அடகு வைத்துக் காத்மண்டுவுக்குக் காசு அனுப்பவேண்டி வந்தது. முறைப்பாடு போயிருப்பதால் ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை.

இதிலே கவலை என்னவென்றால், கோளாறு முழுக்க அவர்கள் முதலே தந்த பயணத் தாளிலேயே இருந்தது. அது யாத்திரைக்குப் போடுகிற வழக்கமான தாள். காத்மண்டு, பொக்கரா, ஜொம்சொம், முக்திநாத் என்ற வரிசை அப்படியே இருக்க, "தரிசனம்" என்ற வரிக்குக் கீழே "போட்டி" என்று ஒரு வரி சேர்த்திருந்தது. பயிற்சி நாள் இல்லை, வில், அம்புகளைப் பரிசோதிக்கும் நேரம் இல்லை, பிந்தினால் சமாளிக்க ஒதுக்கிவைத்த நாள் ஒன்றுகூட இல்லை. யாத்திரைக்காரர் ஒரு நாள் பிந்தினால் சுவாமி காத்திருப்பார். போட்டி காத்திருக்காது.

முதலில் ரிக்கெற். "பலாலியாலே போகலாம், கட்டுநாயக்காவுக்கு இரவிரவாக பஸ் ஓடத் தேவையில்லை" என்றுதான் ஆட்களை இழுத்தவை. பலாலி–சென்னை ஒரு ரிக்கெற், சென்னையிலிருந்து டில்லி வழியாகக் காத்மண்டு வேறொரு ரிக்கெற். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டி சாமானை எடுத்து மறுபடி போடவேண்டும். அதுக்கு இந்திய விசா வேண்டும். திரும்பி வரும்போதும் அதே கதை, ஆகவே இருமுறை நுழையும் விசா. நேபாளத்துக்கு சார்க் நாட்டவர் என்பதால் நமக்கு 30 நாள் விசா இலவசம். "விசாச் செலவு இல்லை" என்று அவர்கள் சொன்னது அந்த அளவில் பொய்யில்லை. இந்திய விசாவைப் பற்றி மட்டும் கடைசிக் கிழமை வரைக்கும் வாய் திறக்கவில்லை.

ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்: "அண்ணை, இதிலே ரிக்கெற் நம்பர் எங்கே?" பதில்: "அதுதானே தம்பி மேலே ஆறு எழுத்துப் போட்டிருக்கு." அந்த ஆறு எழுத்து பதிவு இலக்கம் மட்டும்தான். காசு கட்டாமலே ஒரு இருக்கையைப் பிடித்து வைத்தாலும் அது வரும், தவணை தாண்டினால் தானாகக் கழன்றுவிடும். காசு கட்டி எடுத்த ரிக்கெற்றில் 13 இலக்க எண் இருக்கும், முதல் மூன்று இலக்கம் விமானக் கம்பனியின் குறி. கையில் தந்த தாளில் அது இல்லையென்றால் ரிக்கெற் எடுக்கவில்லை என்றே வையுங்கோ. சில மலிவு விமானக் கம்பனிகள் 13 இலக்கம் தருவதில்லை. அப்படியென்றால் கம்பனியின் இணையத்தளத்தில் ஆறு எழுத்தையும் பிள்ளையின் பெயரையும் போட்டு, காசு கட்டியாச்சு என்று காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கோ. இந்தப் பிள்ளைகளுக்குப் போகும் பயணத்துக்குத்தான் எண் இருந்தது. வரும் பயணம் வெறும் பிடித்து வைத்த இருக்கை.

அடுத்தது பொக்கரா–ஜொம்சொம். ஜொம்சொம் இருக்கிற காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் பத்து, பதினொரு மணியளவில் காற்று எழும்பினால் பின்னேரம் வரைக்கும் அடங்காது. அதனால்தான் சின்ன விமானங்கள் காலையில் மட்டும் ஓடும். முகில் இறங்கினாலும் காற்று முந்தினாலும் அன்றைய பறப்பு போச்சு. இவர்களுக்கும் அதுதான் நடந்தது. பிறகு ஜீப்பில் ஏற்றினார்கள். பெனி வழியாகப் போகிற அந்த மலைப் பாதை ஒரு முழுப்பகலைத் தின்னும், மழை பெய்தால் மண் சரியும். பறப்புக் கிடைத்திருந்தாலும் சாமான் நிறைப் பிரச்சினை இருந்தது. அந்தச் சின்ன விமானங்களில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ அளவுதான். வில்லின் நடுப்பிடி, இரண்டு கிளைகள், நீளச் சமநிலைத் தண்டு, குறிபார்க்கும் குறிகாட்டி, அம்புக் குழாய் எல்லாம் கடினப் பெட்டியில் அடுக்கினால் அதுவே பத்துக் கிலோவைத் தாண்டும். குளிர் உடுப்பு எங்கே வைக்கிறது? போட்டி நடத்துகிறவர் என்றால் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார்.

அந்தக் காற்றுதான் போட்டிக்கும் சத்துரு. தாளில் "பி.ப. 1.30 போட்டி ஆரம்பம்" என்று இருந்தது. ஜொம்சொம்மில் பிற்பகல் ஒன்றரைக்கு அம்பு விடுவது என்பது நந்திக்கடல் சோளகத்தில் தீக்குச்சி கொளுத்துகிற மாதிரி. அந்தப் பள்ளத்தாக்கைத் தெரிந்த எவரும் காலை ஒன்பதரைக்குள் சுற்றை முடிக்கத்தான் பார்ப்பார்.

உயரத்தின் கணக்கு வேறு. கிளிநொச்சி கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீற்றர்தான். ஜொம்சொம் 2,700 மீற்றருக்கு மேலே, முக்திநாத் 3,700 தாண்டும். காற்று ஐதானால் அம்புக்கு இழுவை குறையும், இங்கே 70 மீற்றருக்குக் குறித்து வைத்த குறிகாட்டி அளவில் அங்கே விட்டால் அம்பு மேலே போகும். 122 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இலக்கில் ஒரு வளையத்தின் அகலம் 6.1 சென்ரிமீற்றர். ஜொம்சொம் உயரத்தில் ஒன்றிரண்டு வளையம் தவறுவதற்கு இதுவே போதும். பயிற்சி நாள் இல்லாமல் இதைத் திருத்த முடியாது. நாண் உயரத்தையும் (வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) வில்லைப் பூட்டின பிறகு அளந்து பார்க்கவேண்டும். 68 அங்குல வில்லுக்கு அது எட்டரையிலிருந்து ஒன்பது அங்குலத்துக்குள் நிற்கும், வீட்டில் இருந்த அளவு அங்கே வராவிட்டால் நாணை முறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய வேண்டும். மாற்று நாண் இரண்டு, அம்பின் பின்கொண்டிகள், எலன் கீ (அறுகோணத் திறப்பு) எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் எலன் கீ வைத்தால் சென்னையில் எடுத்து எறிவார்கள்.

இவர்களை முதல் இரவு ஜொம்சொம்மில் படுக்க வைத்து, விடிய முக்திநாத்துக்கு ஏற்றி, கோயிலின் 108 நீர்த்தாரையிலும் தலை நனைய வைத்து, மத்தியானம் இறக்கி வில்லைக் கையில் கொடுத்தார்கள். தாரைத் தண்ணீர் பனி உருகி வருகிறது. விரல் மரத்தால் நாண் எப்போது கழன்றது என்றே தெரியாது. தரிசனம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, போட்டி முடிந்த மறுநாள் போகலாம். 3,000 மீற்றருக்கு மேலே படுக்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலைப் பயணத்தில் பொது விதி. தலையிடி, சத்தி, நித்திரையின்மை வந்தால் மேலே ஏறக்கூடாது. இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறக்கவேண்டும், விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்கிற விஷயமில்லை.

மாத்திரை விஷயம்தான் எல்லாவற்றிலும் மோசம். "மலைக் குளிசை" என்று ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள். மட்டையில் அசற்றசோலமைட் என்று இருந்தது. மலை நோய்க்கு மருத்துவர்கள் கொடுக்கிற மருந்துதான், ஆனால் சல்பா ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்தாகலாம். அதோடு அது சிறுநீர் பெருக்கி வகை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் பட்டியலில் எந்த நேரத்திலும் தடை. உண்மையான போட்டியாக இருந்து சிறுநீர் எடுத்திருந்தால் அந்தப் பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கை அங்கேயே சிக்கலாகியிருக்கும். மருத்துவர் எழுதித் தந்தாலும் வீரருக்கு முன்கூட்டிய மருத்துவ விலக்கு அனுமதி வேண்டும். கை நடுக்கத்துக்குக் கொடுக்கிற புரொப்பிரனோலோல் வகை மருந்துகளும் வில்வித்தையில் போட்டிக்கு வெளியேயும் தடை.

"போட்டி" நடந்த இடம் ஒரு விடுதியின் பின்வளவு. வைக்கோல் கட்டு, 30 மீற்றர், நடுவர் இல்லை. பின்னேரம் எல்லாருக்கும் பதக்கம். கேட்டால், "சான்றிதழ் தந்தனாங்கள்தானே" என்கிறார்கள்.

உலக வில்வித்தைச் சம்மேளனத்தில் பதிவான போட்டிக்கு வீரரின் பெயரைத் தேசிய சங்கம்தான் அனுப்பும், பயண ஏஜென்சி அனுப்ப முடியாது. நாட்டின் பெயரில் அணி போவதென்றால் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி அமைச்சரின் அனுமதி வேண்டும். பள்ளிப் பிள்ளை என்றால் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் கடிதம் கேளுங்கோ. ஏஜென்சிக்கு சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அது இந்த வருடத்துக்கு உரியதா என்று பாருங்கோ. தனியாள் கணக்குக்குக் காசு போடவேண்டாம். காப்புறுதித் தாளில் எத்தனை மீற்றர் வரை செல்லும், போட்டி விளையாட்டுக்குச் செல்லுமா, ஹெலியில் இறக்கும் செலவு அடங்குமா என்ற மூன்றையும் தேடுங்கோ.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள் வங்கிச் சீட்டு, நோட்டீஸ், குரல் பதிவு எல்லாவற்றையும் இன்றே வேறொரு போனிலும் சேமியுங்கோ, குழுவிலிருந்து உங்களை நீக்கினாலும் கையில் இருக்கும். பொலிஸில் முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளிக்கிட வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். மத்தியஸ்த சபைக்கு வரச் சொன்னால் பெற்றோர் சேர்ந்து போங்கோ. தனித்தனியாகப் போனவர்களுக்குத்தான் "பாதியைத் தாறன், கையெழுத்து வை" என்ற பேரம் நடந்தது.

இப்போது புது நோட்டீஸ் ஒன்று வந்திருக்கிறது. படமும் எழுத்தும் அதே, இடம் மட்டும் லடாக்கின் லே. அது 3,500 மீற்றர். டில்லியிலிருந்து காலையில் விமானத்தில் இறக்கி, அன்று பின்னேரமே முதல் சுற்று என்று போட்டிருக்கிறார்கள்.