நடைபாதைக்குப் பணம்: சோலை வரியா, தரிப்பிடக் கட்டணமா, தண்டப்பணமா?

மலையக நகரம் எதுவானாலும், கடை வாசலில் அடுக்கிய பொருட்களும் நிறுத்திய ஆட்டோக்களும் போக மிஞ்சும் இடத்தைத்தான் நடைபாதை என்கிறோம். நகரத்தைத் தாண்டினால் அதுவும் கிடையாது. கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏ-7 வீதி நெடுகப் பாடசாலை விட்ட பிள்ளைகள் ஒரு பக்கம் கானும் மறுபக்கம் பஸ்ஸுமாக ஒற்றை வரிசையில் நடக்கிறார்கள். 2023 மார்ச்சில் கலைந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. பாதுகாப்பான வீதி வேண்டாம் என்று எந்த உறுப்பினரும் சொல்லப்போவதில்லை. பணம் எங்கே என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

முதலில் எல்லோருக்கும் நினைவு வருவது சோலை வரி. கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியில் ஒரு வீதத்தைச் சபை காலாண்டுதோறும் அறவிடுகிறது. முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. கொழும்பையோ மாகாணத்தையோ எதிர்பார்க்காமல் சபை தானே வசூலிக்கும் பணம் என்பது இதன் பெரிய பலம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் செய்ததும் இதைப் போன்றதே. 2024 நவம்பரில் எட்டு ஆண்டுகளுக்கு 155 கோடி டொலர் திரட்டும் சொத்து வரிக்கு வாக்காளர்கள் சம்மதித்தார்கள். வீதி, பாலம், நடைபாதை, சைக்கிள் தடம் என்று எதற்கு எவ்வளவு என்பது வாக்களிப்புக்கு முன்பே அவர்கள் கையில் இருந்தது.

நம்மிடம் இந்த வரியின் சிக்கல் வேறு. கடைக்காரரும் நகரத்து வீட்டுக்காரரும் கட்டுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்களில் பெரும்பாலானவை சோலை வரி எல்லைக்குள் வருவதே இல்லை. நடப்பவர்களோ லயத்தவர்கள். வரியை உயர்த்தி நடைபாதை போட்டால், வரி கட்டியவரின் வாசலில்தான் முதல் கல் விழும். “வரி கட்டாத தோட்டத்துக்கு எதற்குப் பாதை?” என்ற குரலும் கூடவே எழும். இந்தக் குரல் எனக்குப் பிடிப்பதில்லை. 2024 ஜனவரி முதல் 18 வீதமாகிவிட்ட பெறுமதி சேர் வரியைத் தோட்டத் தொழிலாளியும் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் செலவிடச் சபையின் கையைக் கட்டியிருந்தது. அதைத் திருத்த 2018 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத் தடை நீங்கியது. “உங்களிடம் வரி இல்லையே” என்ற சாக்கு மட்டும் நீங்கவில்லை. சோலை வரியை மட்டும் நம்பினால் அந்தச் சாக்குக்கு இன்னும் வலு சேரும்.

தரிப்பிடக் கட்டணம் இதைவிட நியாயமானது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குப் போய்வந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கிரகரி வாவியைச் சுற்றி வாகனம், வாகனத்தைச் சுற்றி வாகனம், அவற்றுக்கு இடையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார். நெரிசலைக் கொண்டுவருபவரே அதற்கு விலை கொடுப்பதில் யாருக்கு ஆட்சேபம் இருக்க முடியும்? வெளியூர் வாகனக்காரருக்கு இங்கே வாக்கு இல்லை என்பதால் உறுப்பினர்களுக்கும் இது வசதி. (அரசியலில் இது சிறிய விடயமல்ல.)

ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. வசூலைக் குத்தகைக்கு விட்டால், சபைக்கு வருவது குத்தகைத் தொகை மட்டுமே. வீதியில் உண்மையில் எவ்வளவு சேர்கிறது என்பது குத்தகைக்காரருக்கே வெளிச்சம். மற்றது இன்னும் மோசமானது. நடைபாதையை அகலமாக்க வேண்டுமானால் தரிப்பிடத்தைக் குறைக்க வேண்டும். தரிப்பிடம் குறைந்தால் நடைபாதைக்கான வருமானமும் குறையும். காலப்போக்கில் சபை தரிப்பிடத்தின் பக்கமே சாய்ந்துவிடும். இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது: இடத்தைக் குறைத்து, மணித்தியாலக் கட்டணத்தைக் கூட்டுவது. கடைக்காரர்கள் சத்தம் போடுவார்கள். போடட்டும், அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் வந்து இறங்கி நடப்பவர்கள்தான்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணமும் காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரை வரியும் மாகாண சபையின் ஊடாக உள்ளூராட்சி சபைகளுக்குச் சேர வேண்டியவை. வேகமாக ஓட்டியவரும் குடித்துவிட்டு ஓட்டியவரும் நீதிமன்றத்தில் கட்டும் பணம், அவர்களால் ஆபத்துக்குள்ளாகும் வீதியோரத்துக்கே திரும்புவதில் ஒரு கணக்கு நேராகிறது. அதைவிட முக்கியம், இந்தப் பணத்துக்கும் சோலை வரி எல்லைக்கும் தொடர்பில்லை. அக்கரபத்தனையிலோ மஸ்கெலியாவிலோ தோட்டப் பாதை பெருவீதியைத் தொடும் முனையில் ஒரு மஞ்சள் கடவை, ஒரு மின்விளக்கு, கானுக்கு மூடி, நூறு மீற்றர் கொங்கிறீட் நடைபாதை போட்டால், வரி கட்டியவர் யார் என்று எவரும் கேட்க முடியாது. குறை: பணம் தாமதித்து வரும், ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறையும். சாரதிகள் திருந்திவிட்டால் வருமானம் நின்றுபோகுமே என்று ஒருவர் கவலைப்படலாம். அந்தக் கவலை வரும் நாளை நானும் எதிர்பார்த்திருக்கிறேன்.

விற்பனை வரியை நாம் நினைத்துப் பயனில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் 2024இல் டொலருக்கு அரைச் சதம் விற்பனை வரி சேர்த்து, 86 மைல் நடைபாதையும் பஸ் சேவையும் தருவதாகச் சொல்லி மக்கள் சம்மதம் பெற்றது. இங்கே மாகாணங்களுக்கு இருந்த, வியாபாரத்தின் மொத்த விற்பனை வருமானத்தின் மீதான புரள்வு வரியே 2011இல் எடுக்கப்பட்டுவிட்டது.

மத்திய அரசின் பணம் தவிர்க்க முடியாதது. 2025 மே மாதத்தில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 பேர். அத்தகைய இடங்களில் பாதுகாப்பு வேலியும் தாங்கு சுவரும் கட்டப் பிரதேச சபையின் வருமானம் எந்த மூலைக்கும் போதாது. வீதியும் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. 2025 நவம்பரின் டித்வா புயலுக்குப் பின் அந்தப் பணத்துக்குப் பாலங்களும் சரிந்த மலைச்சரிவுகளும் வரிசையில் நிற்கின்றன. நடந்து போகிறவர் அந்த வரிசையில் கடைசி ஆள்.

ஆகவே என் தேர்வு இடத்துக்கு இடம் மாறுகிறது. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களுக்குத் தரிப்பிடக் கட்டணம். தோட்டங்கள் சூழ்ந்த பிரதேச சபைகளுக்குத் தண்டப்பணத்திலும் முத்திரை வரியிலும் ஒரு நிலையான பங்கு. சோலை வரியை இப்போதைக்குத் தொட வேண்டாம். போட்ட நடைபாதையைப் பார்த்த பிறகு கேட்டால் கொடுப்பார்கள்.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அது அன்றாட வாகனம். நம்முடைய ஏற்றத்தில் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வாவியோரம் போன்ற சமதரையில் தடம் போடலாம், உல்லாசப் பயணிகள் கட்டணமும் கொடுப்பார்கள். அதற்காகத் தோட்ட முனையின் நூறு மீற்றரைத் தள்ளிவைப்பதை மட்டும் ஏற்க முடியாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அந்தப் பணம் சபையின் பொது வருமானத்தில் கலந்துவிட்டால் சம்பளத்துக்கும் குப்பை லொறியின் டீசலுக்கும் போய்விடும். ஆண்டு இறுதியில் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது ‘நடைபாதை’ என்று தனித் தலைப்பு இருக்கிறதா, அதில் தோட்டங்களின் பெயர் ஒன்றாவது இருக்கிறதா என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்.