வாக்காளரிடமா, சட்டமன்றத்திடமா: கலிஃபோர்னியாவில் ஸ்வார்ஸ்நேகர் முயன்ற இரு வழிகள்

2003 அக்டோபரில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் ஆளுநர் கிரே டேவிஸைப் பதவிக்காலம் முடியுமுன்பே திரும்ப அழைத்து, அவர் இடத்தில் நடிகர் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நேகரை அமர்த்தினார்கள். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதால், சட்டமன்றப் பெரும்பான்மை இல்லாதவரும் ஆட்சித் தலைவராக இருக்க முடியும். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஸ்வார்ஸ்நேகரின் நிலை அதுதான். இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. தேர்தலும் அந்த நிலையை அசைக்கவில்லை. 2001 இல் இரு கட்சிகளும் தமக்குள் பேசி வரைந்துகொண்ட தொகுதி எல்லைகளின்படி நடந்த 2004 தேர்தலில், மாநிலச் சட்டமன்றத்துக்கும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் கீழவைக்குமாகப் போட்டி நடந்த 153 இடங்களில் ஒன்றுகூடக் கட்சி மாறவில்லை.

இப்படி வேரூன்றிய மன்றத்தை எதிர்கொள்ள அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஹைராம் ஜான்சன் ஆளுநராக இருந்த 1911 இல் மாநில அரசமைப்பில் சேர்க்கப்பட்ட மக்கள் முன்மொழிவு முறை: வாக்காளர்களின் கையொப்பம் திரட்டி, மன்றத்தைத் தாண்டி, சட்டத்தை நேரே வாக்குச்சீட்டில் வைப்பது. மற்றது, அவைத் தலைவர்களோடு உட்கார்ந்து கொடுத்து வாங்குவது.

முதல் வழியை அவர் முழு வேகத்தில் சோதித்த ஆண்டு 2005. அந்த நவம்பரில் சிறப்புத் தேர்தலை அறிவித்து, நான்கு முன்மொழிவுகளுக்கு ஆதரவு திரட்டினார்: ஆசிரியர்கள் பணிப் பாதுகாப்புப் பெறக் காத்திருக்க வேண்டிய காலத்தை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்துவது (முன்மொழிவு 74), அரசு ஊழியர் சங்கங்கள் சந்தாப் பணத்தை அரசியலுக்குச் செலவிட உறுப்பினரின் எழுத்துபூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்குவது (75), மாநிலச் செலவுக்கு வரம்பு கட்டுவது (76), தொகுதி எல்லைகளை ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரிடம் ஒப்படைப்பது (77). நான்கும் தோற்றன. செலவு வரம்பை 62 விழுக்காட்டினரும், எல்லை வரைவை ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும் நிராகரித்தார்கள். தொழிற்சங்கங்கள் 10 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது இத்தோல்விக்குப் பெரிய காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஆளுநருடையது என்றே நான் கருதுகிறேன். ஆசிரியர்கள், செவிலியர்கள், தீயணைப்பு வீரர்கள் என மக்கள் மதிக்கும் தொழில்களைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தமக்கு எதிராகத் திரளும்படி அவர் நடந்துகொண்டார். நான்கிலும் மிக நியாயமான எல்லை வரைவுச் சீர்திருத்தம் அந்தச் சண்டையின் தூசியில் மறைந்துபோனது. தம் தொகுதியைத் தாமே வரைந்துகொள்ளும் உறுப்பினர் என்ற முறைகேட்டை வாக்காளர் தனியே எடைபோட வாய்ப்பே கிடைக்கவில்லை.

தோல்விக்குத் தாமே பொறுப்பேற்ற ஸ்வார்ஸ்நேகர், டேவிஸ் அரசில் பணியாற்றிய ஜனநாயகக் கட்சிக்காரரான சூசன் கென்னடியைத் தம் அலுவலகத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தி, 2006 இல் இரண்டாவது வழிக்குத் திரும்பினார். பலன் விரைவாகவே வந்தது. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. சாலை, வீட்டுவசதி, பள்ளி, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றுக்கான சுமார் 3,700 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்தை இரு தரப்பும் சேர்ந்தே வாக்காளர் முன் வைத்து வென்றார்கள். பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை 2020 க்குள் 1990 ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைக்கும் சட்டமும் வந்தது. அந்த நவம்பரில் அவர் எளிதாக மீண்டும் வென்றார். எனினும் இவ்வழியில் கிடைத்தவை பெரும்பாலும் மன்றமும் விரும்பியவையே. மன்றத் தலைமை உடன்படாத இடத்தில் பேச்சு நின்றுவிடும். மாநிலக் கீழவைத் தலைவர் ஃபேபியன் நூன்யெஸுடன் அவர் உருவாக்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2008 ஜனவரியில் மாநில மேலவைக் குழுவிலேயே மடிந்தது.

இரண்டும் கலந்த முறையே மிகுந்த பயன் தந்தது என்பது என் முடிவு. 2004 இல் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சீர்திருத்தத்துக்காகக் கையொப்பங்களைத் திரட்டிக்கொண்டே பேசியபோது, வாக்கெடுப்புக்குப் போகாமலே மன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் எல்லை வரைவில் அந்த அழுத்தமும் போதாது, ஏனெனில் அங்கே உறுப்பினரின் இருப்பே பணயம். அதற்கு மக்களிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை.

2008 இல் அவர் மறுபடி போனபோது, 2005 இன் பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. புதிய எல்லைகள் உடனடியாக வேண்டும் என்ற அவசரம் இல்லை; 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை காத்திருக்கலாம். காங்கிரஸ் தொகுதிகள் விலக்கப்பட்டதால் வாஷிங்டனிலிருந்து வரக்கூடிய எதிர்ப்பு தணிந்தது. நீதிபதிகளுக்குப் பதிலாக 14 குடிமக்கள் கொண்ட ஆணையம். பெண் வாக்காளர் லீக் போன்ற பொதுநல அமைப்புகள் துணை. முன்மொழிவு 11 நூலிழையில், 51 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஆதரவோடு வென்றது. 2010 இல் காங்கிரஸ் தொகுதிகளும் ஆணையத்திடம் வந்தன. ஆணையம் வரைந்த காங்கிரஸ் எல்லைகளைத் தற்காலிகமாக மாற்றுவதற்கு 2025 நவம்பரில் சட்டமன்றமே வாக்காளரின் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டுப் பெறவும் செய்தது. ஆனால் தம் சொந்தத் தொகுதிகளின் எல்லைகளை வரையும் அதிகாரம் அப்போதும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் திரும்பவில்லை.